நாடா என்று நினைத்தேன்

பிப்ரவரி 11

அன்புள்ள மாஸ்டருக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று எழுதத்தான் கை போகிறது. ஆவலோடு எட்டு மாதம் காத்திருந்ததில் வந்தது ஒரே ஒரு கடிதம். அதிலும் ஒரே ஒரு வரி: "பீரோ சாவி எங்கே?" அரிசி டப்பாவுக்குள் என்று பதில் போட்டேன். கிடைத்ததா இல்லையா, அதற்கும் ஒரு வார்த்தை இல்லை. போகட்டும்.

ஹாஸ்டலில் மாடி மூலை அறை கொடுத்திருக்கிறார்கள். ஜன்னலைத் திறந்தால் தண்டவாளம், மூடினால் புழுக்கம். நாலு பேருக்கு ஒரு கண்ணாடி. சமையல்காரம்மா நல்ல மனுஷி. என் பெயரே அவருக்குத் தெரியாது, "ஸ்டேஷனம்மா"தான். டியூட்டி முடிந்து எத்தனை மணிக்கு வந்தாலும் என் தட்டு மூடியிருக்கும். "உனக்கு மட்டும் தனிப் பாத்திரத்துல வச்சிருக்கேன்மா, கறி தொட்ட கரண்டி படாம" என்பார்.

இங்கே பத்து நடைமேடை. நம் ஊர் ஸ்டேஷனில் இரண்டே இரண்டு, ஏழு என்ற எண்ணையே நான் சொன்னதில்லை. இங்கே ஏழுதான் முக்கியமான மேடை. இப்போது பாருங்கள், வண்டி அறிவிப்பில் அந்த ஏழு என் வாயில் வரமாட்டேன் என்கிறது. நாக்கில், நுனிக்குச் சற்றுப் பின்னால் வலது ஓரத்தில், பட்டாணி அளவுக்கு ஒரு கட்டி. வலி இல்லை. விரலால் தொட்டால் கெட்டியாக இருக்கிறது. ழ சொல்ல நாக்கை மேலே மடிக்கிறேன், இது போய் முட்டுகிறது. "ஏளாவது நடைமேடை." "வளியாகச் செல்லும் வண்டி." நேற்று ஒருவர் பெட்டியும் கையுமாக என் கண்ணாடிக் கதவைத் தட்டி, "மேடம், ஏளாவது மேடைன்னு ஒண்ணு தனியா இருக்கா?" என்று கேட்டார். கிண்டலா சந்தேகமா தெரியவில்லை. நான் சிரித்துவிட்டு, கதவைச் சாத்தியதும் அழுதேன்.

ஏப்ரல் முப்பதாம் தேதி குரல் தேர்வு. தேறாவிட்டால் பார்சல் ஆபீஸில் மூட்டை எண்ணப் போட்டுவிடுவார்கள். மைக்கில் பேசுகிறவள் என்று நீங்கள் பெயர் வைத்த உங்கள் மைக்கு மூட்டை எண்ணினால் உங்களுக்குச் சிரிப்பாக இருக்குமோ என்னவோ.

உங்களுக்கு ஊசி கோப்பது யார்? காலையில் டியூட்டிக்குக் கிளம்பும் முன் நீங்கள் நூலை வெட்டி வெட்டி நீட்ட, நான் நுனியை நாக்கில் வைத்துக் கூராக்கி, பத்து ஊசி கோத்துக் காலண்டர் அட்டையில் குத்தி வைப்பேனே. கண்ணாடி போடுங்கள் என்றால் "எனக்கென்ன கிழடா தட்டிடுச்சு?" என்பீர்களே. இப்போது என்ன செய்கிறீர்கள்?

ஊரை விட்டுக் கிளம்பிய அன்று வண்டி நகரும்வரை கதவருகேதான் நின்றேன். நீங்கள் வரவில்லை.

மைக்கு

•

பிப்ரவரி 20

அன்பு மைக்குக்கு,

சாவி கிடைத்தது. அரிசி டப்பாவுக்குள் சாவி வைக்கிற பெண்ணை இந்த உலகத்தில் எனக்கு மட்டும்தான் கட்டி வைத்திருக்கிறார்கள்.

முதலில் நாக்கைக் கவனி. உப்புத் தண்ணீர், அது இது என்று கைவைத்தியம் பார்த்துக்கொண்டு உட்காராதே. டாக்டரிடம் காட்டு. பயமாக இருந்தால் யாரையாவது துணைக்குக் கூட்டிக்கொண்டு போ. உன் வாய் ஊருக்கே நேரம் சொல்கிற வாய்.

ஊசியை நானேதான் கோக்கிறேன். ஒரு ஊசிக்குக் கால் மணி நேரம் ஆகிறது. ஒரு கண்ணை மூடுகிறேன், மறு கண்ணை மூடுகிறேன், நூல் எந்தப் பக்கமும் போவதில்லை. ஆஸ்பத்திரி அங்கி ஆர்டர் இன்னும் வந்துகொண்டிருக்கிறது. ஒரு அங்கிக்கு ஆறு நாடா. நாள் முழுக்க நாடா தைத்து, பல்லால் கடித்து, தைத்து, கடித்து, எனக்கே நாடா மாதிரி ஆகிவிட்டது உடம்பு. என்ன தின்றாலும் ஒட்டவில்லை. போன வருஷத்துப் பேண்ட் இடுப்பில் நிற்கமாட்டேன் என்கிறது.

சாப்பாட்டைப் பற்றிக் கவலைப்படாதே. சோறும் பருப்பும் நானே வைத்துக்கொள்கிறேன். நீ சொல்லிக் கறியை விட்டதிலிருந்து வயிறு லேசாக இருக்கிறது.

ஸ்டேஷனுக்கு வரவில்லை என்று எழுதியிருக்கிறாய். மாற்றல் கடிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்து "போட்டுட்டேன்" என்று சொன்னாயே, போடலாமா என்று என்னை ஒரு வார்த்தை கேட்டாயா? நானும் அன்று மெஷினில்தான் உட்கார்ந்திருந்தேன். உன் வண்டி ஊதியது இங்கே கேட்டது. அன்று தைத்த அங்கி அத்தனையையும் மறுநாள் பிரித்துத் தைத்தேன்.

மாஸ்டர்

•

மார்ச் 16

அன்புள்ள மாஸ்டருக்கு,

கட்டியை எடுத்துவிட்டார்கள். வாயில் மரத்துப்போக ஊசி போட்டு, அரை மணி நேரத்தில் வேலை முடிந்தது. மூன்று தையல். தையல் என்று டாக்டரம்மா சொன்னதும் சிரிக்கப் பார்த்தேன், பாதி வாய்தான் சிரித்தது. எனக்கு மாட்டிய அங்கியைத் திருப்பிப் பார்த்தேன், உங்கள் கை வேலை இல்லை. உங்களுடையதானால் நாடா சேரும் இடத்தில் குறுக்கே மூன்று தையல் ஓடியிருக்கும். இது சும்மா ஒட்டவைத்தது போல இருந்தது, இழுத்தால் கையோடு வந்துவிடும்.

இப்போது ஒன்று சொல்கிறேன், பதறாதீர்கள். எடுத்ததைச் சோதனைக்கு அனுப்பினார்கள். அது சாதாரணக் கட்டி இல்லையாம். தண்ணீர் கோத்த சின்னப் பை, அதற்குள்ளே ஒரு புழுக்குஞ்சு. நாடாப்புழு என்றார் டாக்டரம்மா. நாடா என்றதும் எனக்கு உங்கள் ஞாபகம்தான் வந்தது, வந்து என்ன, குமட்டிக்கொண்டும் வந்தது. ஒரு வாரம் சோறு இறங்கவில்லை. என் வாய்க்குள், என் நாக்கில், நான் பேசப் பேச அதுவும் கூடவே இருந்திருக்கிறது!

"நான் கறியே தின்னதில்லையே டாக்டர், எனக்கு எப்படி?" என்று கேட்டேன். அவர் பொறுமையாகத் தாளில் படம் போட்டுக் காட்டினார். அரைவேக்காட்டுப் பன்றிக்கறி தின்றவர் குடலில் அது கெஜக்கணக்கில் வளருமாம். அவருக்கே தெரியாதாம். அவர் கை சரியாகக் கழுவாமல் எதையாவது தொட்டுக் கொடுத்தால், கண்ணுக்குத் தெரியாத முட்டை அடுத்தவர் வாய்க்குள் போகும். முட்டையை விழுங்கியவருக்குத்தான் இப்படி உடம்பில் அங்கங்கே பையாகத் தங்குமாம். சிலருக்கு மூளையில்கூடத் தங்கும் என்றார். தலையைப் படம் எடுத்தார்கள், கண்ணையும் பார்த்தார்கள். நல்லவேளை, வேறெங்கும் இல்லை.

"உனக்குச் சமைக்கிறது யாரு? வீட்ல யாராவது பன்றிக்கறி சாப்பிடுவாங்களா?" என்று கேட்டார். நான் தலையை நிமிர்த்திக்கொண்டு, "வீட்ல அவரும் நானும்தான் டாக்டர். அவர் எனக்காகக் கறியையே விட்டுட்டார். சுத்த சைவம்" என்றேன். அதையும் என் சீட்டில் எழுதிக்கொண்டார். அப்படியானால் ஹாஸ்டல் சமையலறைதான் என்று எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு அந்த அம்மாவை நினைத்தால் நம்ப முடியவில்லை.

எதற்கும் நீங்களும் ஒரு மலச் சோதனை செய்துகொள்ளுங்கள். டாக்டரம்மா சொன்னார், பேருக்கு ஒன்று செய்து அனுப்பினால் போதும். பதினைந்து நாள் பேசக்கூடாது என்று எனக்கு உத்தரவு. உங்களுக்குக் கொண்டாட்டம்தான்.

மைக்கு

•

ஏப்ரல் 2

அன்பு மைக்குக்கு,

கடிதம் கிடைத்தது. மருந்தை வேளை தவறாமல் சாப்பிடு. சூடாக எதுவும் குடிக்காதே.

இங்கே மெஷினுக்கு பெல்ட் அறுந்துவிட்டது. மாற்றினேன். வேலை அதிகம். சோதனைக்குப் போக நேரம் அமையவில்லை, பார்க்கலாம்.

டாக்டர் படம் போட்ட தாள் இருந்தால் அனுப்பு. அது வெள்ளையாக, தட்டையாக, துண்டு துண்டாக வருமா?

மாஸ்டர்

•

ஏப்ரல் 19

மாஸ்டருக்கு,

சமையல்காரம்மாவை நேற்று அனுப்பிவிட்டார்கள். சோதனை செய்து பார்த்துவிட்டு அனுப்புங்கள் என்று வார்டனிடம் நான் கெஞ்சினேன். "விஷயம் வெளிய தெரிஞ்சா ஹாஸ்டலுக்கு ஒரு பொண்ணு வரமாட்டா, தெரியுமா?" என்றார். அந்த அம்மா போகும்போது என் அறைக்கு வந்தார். இரண்டு கையையும் விரித்து நீட்டினார். "நீயே பாரு ஸ்டேஷனம்மா. நகம் வளர விட்டிருக்கேனா? உனக்கு நான் விஷமாம்மா வச்சேன்?" என்று கேட்டார். அந்தக் கையில் சோப்பு வாசனை வந்தது.

என்னால் ஒருத்திக்கு வேலை போய்விட்டது. அதுவும் எனக்காகத் தனிக் கரண்டி வைத்தவளுக்கு.

படத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். ஆனால் ஒன்று கேட்கிறேன். வெள்ளையாக, தட்டையாக, துண்டு துண்டாக வரும் என்று நான் எழுதவே இல்லை. உங்களுக்கு யார் சொன்னது?

•

ஏப்ரல் 24

என் மைக்குக்கு,

கிழித்துப் போடாமல் கடைசிவரை படி. அதற்கப்புறம் கிழி.

எனக்கு யாரும் சொல்லவில்லை. நான் பார்த்திருக்கிறேன். ஒரு வருஷத்துக்கும் மேலாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். காலையில் போகும்போது வெள்ளையாக, கால் அங்குல அகலத்தில், துண்டு துண்டாக. நாடா என்று நினைத்தேன். சத்தியமாக நாடா என்றுதான் நினைத்தேன். நாளெல்லாம் பல்லால் நாடாவைக் கடிக்கிறவன், ஒன்றிரண்டு உள்ளே போய் வெளியே வருகிறது, இனிமேல் கத்தரியால் வெட்ட வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வெட்டவும் இல்லை. ஒருநாள் அதில் ஒரு துண்டு நெளிந்தது போல இருந்தது. கண்ணாடி போடாத கண், அப்படித்தான் தெரியும் என்று தண்ணீரை ஊற்றிவிட்டு வந்துவிட்டேன்.

கறியை விட்டுவிட்டேன் என்றது பொய். நாலு மாதம் விட்டிருந்தேன், அது நிஜம். அப்புறம் அங்கிக் கட்டைக் கொடுக்க வியாழக்கிழமைதோறும் ஆஸ்பத்திரிக்குப் போனேனே, பின்வாசலில் ஒரு தள்ளுவண்டி. பன்றிக்கறி. அடுப்பில் காட்டி எடுத்துக் கொடுத்துவிடுவான், வேகிறவரை யாரும் நிற்பதில்லை, நானும் நிற்கவில்லை. தின்றுவிட்டு வாயைக் கொப்பளித்து ஒரு பிடி சோம்பை மென்றுகொண்டு வீட்டுக்கு வருவேன். "இன்னைக்கு என்ன, வாய் மணக்குது?" என்று கேட்பாயே. வியாழக்கிழமை மட்டும் ஏன் மணக்கிறது என்று உனக்குச் சந்தேகமே வந்ததில்லை. நீ நம்புகிறவள்.

தின்னக்கூடாது என்று நீ ஒருநாளும் சொன்னதில்லை. "திங்கிறதுன்னா வீட்ல வாங்கிட்டு வந்து நல்லா வேக வச்சுத் தின்னுங்க, நான் முகத்தைத் திருப்பிக்கிறேன்" என்றுதான் சொன்னாய். நானாகத்தான் பெரிய தியாகி மாதிரி விட்டுட்டேன் என்று சொல்லிக்கொண்டு வந்தேன். அன்று உன் முகம் மலர்ந்ததே, அதைத் திரும்ப வாடவிட மனசு வரவில்லை. உனக்காக விட்டவன் என்று நீ அந்த டாக்டரிடம் தலையை நிமிர்த்திச் சொன்னதைப் படித்துவிட்டு மூன்று நாள் மெஷினைத் தொடவில்லை.

இன்னும் இருக்கிறது. மெஷின் ஓடும்போது கொல்லைப்பக்கம் ஓடிப்போய் ஓடி வருகிறவன் நான். சோப்புப் போட்டேனா, வெறும் தண்ணீரா, எனக்கே தெரியாது. அதே விரலால்தான் நூலை வெட்டி உன்னிடம் நீட்டினேன். நீ அதை நாக்கில் வைத்தாய். தினம் பத்து முறை. சோற்றில் போயிருக்கும் என்று யாராவது சொல்லலாம். எனக்குத் தெரியும், நூலில்தான் போயிருக்கிறது. மூளையில் தங்கியிருந்தால்? கண்ணில் தங்கியிருந்தால்? உன்னிடம் மறைத்ததற்கு என் வயிறு தண்டனை அனுபவிக்கட்டும், உன் நாக்கு எதற்கு அனுபவித்தது?

ஏப்ரல் 2ஆம் தேதி கடிதத்திலேயே எழுதியிருக்க வேண்டும். பயந்துவிட்டேன். நான் பயந்த அந்தப் பதினைந்து நாளில் ஒரு அம்மாவுக்கு வேலை போய்விட்டது. முந்தாநாள் சோதனைக்குக் கொடுத்தேன். முடிவு இத்துடன் இருக்கிறது. இதை உன் வார்டனிடம் காட்டு. அந்த அம்மா கையில் ஒன்றுமில்லை. இருந்ததெல்லாம் என் கையில்.

என்னைத் திட்டி ஒரு வரியாவது எழுது.

மாஸ்டர்

•

மே 20

மைக்குக்கு,

நீ எழுதவில்லை. எழுதுவாய் என்று நான் எதிர்பார்த்திருக்கக் கூடாது, ஆனால் தபால்காரர் தெருமுனைக்கு வந்தால் மெஷின் தானாக நின்றுவிடுகிறது.

மாத்திரை கொடுத்தார்கள். விழுங்கினேன். மறுநாள் வெளியே வந்ததைப் பார்க்க வேண்டாம் என்றுதான் நினைத்தேன், பார்த்தேன். ஒரு அங்கிக்கு வேண்டிய ஆறு நாடாவையும் அதிலேயே வெட்டலாம். இப்படிக் கேலி பேச எனக்கு வாய் இருக்கக் கூடாது, என்ன செய்ய, உன்னிடம் பேசிப் பழகிய வாய். மூன்று மாதம் கழித்து மறுபடி சோதனை செய்து பார்த்தால்தான் புழுவின் தலையும் போய்விட்டதா என்று தெரியுமாம்.

இன்னொரு குற்றத்தையும் ஒப்புக்கொள்கிறேன். நீ காட்டினாயோ இல்லையோ என்று பொறுக்கமாட்டாமல் போன திங்கட்கிழமை உன் ஹாஸ்டலுக்கு வந்தேன். நீ டியூட்டியில் இருக்கிற நேரம் பார்த்துத்தான் வந்தேன். வார்டன் என்னை நாற்காலியில் உட்காரச் சொன்னார், நான் உட்காரவில்லை. "வீட்டுக்காரியோட நாக்குல புழு வச்சவன் நான்தாங்க. அந்த அம்மாவைத் திரும்பக் கூப்பிடுங்க" என்றேன். அவர் நான் நீட்டிய சோதனை நகலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இதைச் சொல்லவா இவ்வளவு தூரம் வந்தீங்க?" என்றார். நீ முன்னமேயே காட்டிவிட்டாயாம். அந்த அம்மா திரும்பி வந்து பத்து நாளாம். உள்ளே பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்டது. எனக்கு முகத்தைக் காட்டத் தைரியம் வரவில்லை.

திரும்பும்போது ஸ்டேஷனில் என் வண்டி நின்றுகொண்டிருந்தது. ஏறி உட்கார்ந்துவிட்டேன். அப்போது நீ பேசினாய். "வழியாகச் செல்லும் வண்டி இன்னும் சற்று நேரத்தில் ஏழாவது நடைமேடைக்கு வந்து சேரும்." வழியாக. ஏழாவது. கல்லில் வெட்டியது போல இருந்தது. குரல் தேர்வில் தேறிவிட்டாய் என்று அப்போதே தெரிந்துவிட்டது. ஜன்னல் ஓரத்தில் இருந்தவர் ஏன் சார் அழறீங்க என்று கேட்டார். நான் இறங்கிவிட்டேன். வண்டி போய்விட்டது. அடுத்த வண்டியையும் விட்டுவிட்டேன். மூன்று ஏழு கேட்டுவிட்டுத்தான் கிளம்பினேன்.

மாஸ்டர்

•

ஆகஸ்ட் 22

மைக்குக்கு,

மூன்று மாதச் சோதனை முடிந்தது. ஒன்றுமில்லை என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அசல் காகிதத்தையே வைத்திருக்கிறேன், என் வாய்வார்த்தையை நீ நம்ப வேண்டாம்.

கொல்லைக் குழாயடியில் சோப்பு வைத்துவிட்டேன். நாடாவைக் கத்தரியால்தான் வெட்டுகிறேன். கண்ணாடியும் வாங்கிவிட்டேன். போட்டுப் பார்த்தால் நான் தைத்த தையல் எல்லாம் கோணல். யாரும் இத்தனை நாள் சொல்லவில்லை, நீ உட்பட. இப்போது ஊசியை ஒரே குத்தில் கோத்துவிடுகிறேன். ஊசி கோக்க இனி நீ வேண்டியதில்லை.

நீதான் வேண்டும்.

மாஸ்டர்

•

செப்டம்பர் 1

அன்புள்ள மாஸ்டருக்கு,

உங்கள் மூன்று கடிதமும் தலையணைக்கு அடியில் இருக்கின்றன. ஒன்றைக்கூடக் கிழிக்கவில்லை. பதில் எழுத உட்காரும் போதெல்லாம் கோபம் வந்தது, சும்மா இல்லை, காகிதத்தைப் பேனா கிழிக்கிற அளவுக்குக் கோபம். புழுவுக்காக இல்லை. புழு யாருக்கும் வரும், டாக்டரம்மாவே சொன்னார். அவரிடம் "சுத்த சைவம்" என்று பெருமையாகச் சொன்னேனே, அடுத்த முறை போய் "இல்லை டாக்டர், மாத்தி எழுதிக்கோங்க" என்று சொல்ல வைத்தீர்களே, அதற்காக. அவர் பழையதை அடித்துவிட்டு மாற்றி எழுதினார். அந்தப் பேனா சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

ஒரு பொய்க்காக இந்த மனுஷனை விட்டுவிடலாமா என்று நான் யோசித்தது உண்மை. யோசித்ததை மறைக்கமாட்டேன். ஒரு வாய் சோறு எடுக்கும் போதெல்லாம், இனி அந்தக் கையால் கொடுத்ததை என்னால் வாங்க முடியுமா என்று என்னையே கேட்டுக்கொண்டேன். ரொம்ப நாள் முடியாது என்றுதான் பதில் வந்தது.

நீங்கள் வந்துபோனதை அன்று மாலையே வார்டன் சொல்லிவிட்டார். சமையல்காரம்மாவும் உங்களைக் கதவிடுக்கு வழியாகப் பார்த்தாராம். "உன் வீட்டுக்காரர் உட்காரவே இல்லம்மா. குத்தவாளி மாதிரி நின்னாரு. பாவமா இருந்துச்சு, ஒரு காபி குடுக்கலாம்னு வர்றதுக்குள்ள போயிட்டாரு" என்றார். யாருக்கு வேலை போனதோ அவரே காபி கொடுக்கப் பார்த்திருக்கிறார். எனக்கு அப்போதுதான் முதல் முறை கோபம் கொஞ்சம் இறங்கியது. ஆனால் ஸ்டேஷன்வரை வந்து மூன்று ஏழு கேட்டுவிட்டு, பத்தடி நடந்து கண்ணாடிக் கதவைத் தட்டாமல் போனீர்கள் பாருங்கள், அதற்குத் தனியாகத் திட்டு பாக்கி இருக்கிறது, நேரில்.

கையெழுத்துப் போடும் முன் உங்களைக் கேட்டிருக்க வேண்டும். கேட்டால் "போகாதே" என்று சொல்லிவிடுவீர்கள் என்று பயம். நீங்கள் மட்டும்தான் பயந்தவர் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம்.

பதினைந்தாம் தேதியிலிருந்து எனக்குப் பத்து நாள் லீவு. முந்தின இரவு டியூட்டி முடிந்த கையோடு காலை வண்டியில் வருகிறேன். அதன் அறிவிப்பை நானே சொல்லிவிட்டு ஓடிப்போய் ஏறுவேன். இந்த முறை ஸ்டேஷனுக்கு வாருங்கள். மெஷின் மேல் துணி போர்த்திவிட்டு வாருங்கள்.

கண்ணாடி வாங்கியதில் சந்தோஷம். அதைப் பேப்பர் படிக்க வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கடிதத்தோடு ஒரு அட்டை இருக்கிறது, கவனமாகப் பிரியுங்கள். பத்து ஊசி, வெள்ளை நூல். இன்று காலை உட்கார்ந்து கோத்தேன். நாக்கில் தையல் போட்ட இடம் இப்போது ஒரு சின்னக் கோடாகத்தான் தெரிகிறது. அதிலேயே நுனியை வைத்துக் கூராக்கித்தான் கோத்தேன்.

கையைக் கழுவிவிட்டு எடுங்கள்.

மைக்கு